நட்சத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: என் பாட்டிக்கு இப்போது 86 வயது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா பட்டாளத்துக்குப் போனார். பெங்களூரில் சாப்பர்ஸ் படையில் (பாலம், பாதை, கண்ணிவெடி வேலை பார்க்கும் ராணுவப் பொறியாளர் படை) சேர்ந்தார், பர்மா சண்டையில் காணாமல் போய்விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். இறந்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் திதி கொடுக்கிறோம். எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். மிஞ்சியிருப்பது ஒரு போட்டோ, ஆறு முனையுள்ள ஒரு நட்சத்திரப் பதக்கம், கொள்ளுப்பாட்டி வாங்கிய பென்ஷன் பற்றிய ஒரு கிழிந்த காகிதம், அவ்வளவுதான். பதக்கத்தின் பின்பக்கம் ஏதோ கீறல் மாதிரி இருக்கிறது. போன மாதம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன். அவர் பெயரிலேயே ஒரு சாப்பர் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறார், இறந்த தேதியோடு. இவர்தான் எங்கள் கொள்ளுத்தாத்தாவா? பாட்டியிடம் சொல்லிவிடலாமா? முழு சர்வீஸ் ரெக்கார்டு ஆன்லைனில் எங்கே கிடைக்கும்?

சென்னையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டியிடம் இன்னும் சொல்லாதீர்கள். நீங்கள் கண்டுபிடித்தவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாகவே இருக்கலாம். ஆனால் பெயரும் படையும் ஒத்துப்போவது மட்டும் போதாது. அந்தக் காலத்து வட ஆர்க்காட்டில் ஒரே தெருவில் மூன்று முனுசாமிகள் இருப்பார்கள். மூன்று பேரும் ஒரே ஆள்சேர்ப்பு முகாமில் வரிசையில் நின்றிருப்பார்கள். 86 வயதில் ஒரு மகளுக்கு அப்பா இறந்த தேதியைச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் சேலம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு நான் தப்பான ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். பெயர் ஒத்துப்போனது, மாவட்டம் ஒத்துப்போனது, அது போதும் என்று நினைத்தேன். அவர்கள் அந்தத் தேதியை அட்டையில் எழுதிப் போட்டோவுக்குக் கீழே ஒட்டி, இரண்டு ஆண்டுகள் அந்த நாளில் திதியும் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் பங்காளி வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. நான் சொன்ன தேதிக்கு நான்கு மாதம் கழித்து எழுதியது. நேரில் போய்ச் சொன்னேன். வீட்டிலிருந்த வயதான அம்மாள் ஒன்றும் பேசவில்லை. சுவரிலிருந்த அட்டையைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். அந்த அட்டை இன்றும் என் மேசை டிராயரில் இருக்கிறது. யாராவது "இவர்தானே?" என்று கேட்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களிடம் இருக்கும் மூன்று பொருள்களில் முக்கியமானது அந்த நட்சத்திரம்தான். பின்பக்கம் கீறல் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களில் பெயர் போடவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயர் உண்டு. வட்டமான பதக்கமாக இருந்தால் விளிம்பிலும், நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கத்திலும் சின்ன ஆங்கில எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். முதலில் எண், அப்புறம் பதவி, பெயர், படையின் சுருக்கம். அந்தக் கீறல் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, பித்தளைப் பாலிஷ், எதுவும் வேண்டாம். பூஜை அறையில் குத்துவிளக்கோடு சேர்த்துப் பளபளவென்று தேய்த்தே எண்ணை அழித்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கறுப்புத் துணி மேல் நட்சத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். டார்ச்சை மெல்லச் சுற்றிக்கொண்டே நான்கைந்து போட்டோ எடுங்கள். ஒரு பக்கத்து வெளிச்சத்தில் 3 மாதிரி தெரிவது இன்னொரு பக்கத்தில் 8 ஆகிவிடும், அதனால் ஒரே போட்டோவை நம்ப வேண்டாம். அப்படியும் படிக்க முடியவில்லை என்றால் மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேயுங்கள்.

முன்பக்கத்தையும் படியுங்கள். நடுவில் அரசர் ஆறாம் ஜார்ஜின் பெயர்ச் சுருக்கம் இருக்கும். அதைச் சுற்றியுள்ள வளையத்தில் அது எந்த நட்சத்திரம் என்று எழுதியிருக்கும். வெளிநாட்டுப் போர்முனைகளுக்கென்று ஆறு முனை நட்சத்திரங்கள் பல உண்டு, எல்லாம் ஒரே அச்சு, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். 'பர்மா ஸ்டார்' என்று இருந்தால் 1941 டிசம்பர் 11-க்குப் பிறகு பர்மா போர்முனையில் இருந்தவர். 'பசிபிக் ஸ்டார்' என்று இருந்தால் பெரும்பாலும் மலாயா, சிங்கப்பூர் பக்கம். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் விழுந்தது. 'ஆப்பிரிக்கா ஸ்டார்', 'இத்தாலி ஸ்டார்' என்றும் வரலாம், மதராஸ் சாப்பர்கள் அங்கெல்லாமும் போயிருக்கிறார்கள். '1939-45 ஸ்டார்' என்று மட்டும் இருந்தால் அது பொதுவானது, இடத்தைச் சொல்லாது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கண்டுபிடித்த பெயர் இருப்பது ரங்கூன் நினைவுச் சின்னத்தில். யாங்கூனுக்கு வடக்கே டாக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது அது. பர்மாவிலும் அசாமிலும் இறந்து, கல்லறையோ எரித்த இடமோ தெரியாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் உள்ளன. பெரும்பாலானவர்கள் இந்தியப் படையினர். உங்கள் கையில் இருப்பது பசிபிக் ஸ்டாராக இருந்தால் இந்த ஆள் அநேகமாக உங்களவர் இல்லை. அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது சிங்கப்பூரில் கிராஞ்சியில் இருக்கும் நினைவுச் சின்னம், அதில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். மூன்று தலைமுறைக்கு முந்தைய வீட்டுப் பேச்சில் கடல் தாண்டிய கிழக்கு முழுவதும் 'பர்மா' ஆகிவிடுவது உண்டு. வீட்டிலிருந்த பெண்கள் ரங்கூன் என்ற பெயரைக் கேட்டார்களே தவிர, அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் பேச்சைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள், ஆனால் பதக்கத்தின் பேச்சையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆணையத்தின் தளத்தில் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். வேறு படைப்பிரிவில் அதே எண் இன்னொருவருக்கும் இருந்திருக்கலாம், அதனால் எண்ணோடு பெயரும் படையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகம் தீர்ந்தது.

எண் படிக்க முடியாமல் போனால் அதே தளத்தில் 'கூடுதல் தகவல்' என்று வரும் வரியைப் பாருங்கள். நீங்கள் கண்ட பதிவில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம், இன்னாரின் கணவர்" என்று இருக்கும். அப்பா பெயரும் மனைவி பெயரும் இரண்டும் சேர்ந்து பொருந்தினால் நான் ஒப்புக்கொள்வேன். ஒன்று மட்டும் பொருந்தினால் இன்னொரு ஆதாரம் கேட்பேன். அந்த வரியில் உள்ள சொற்களை வைத்துத் தேடவும் தளத்தில் வழி உண்டு. அங்கே மாவட்டத்தின் பழைய பெயரைத்தான் போட வேண்டும். வேலூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது, அன்று அது 'நார்த் ஆர்க்காட்', சில இடங்களில் 'ஆர்க்காட் நார்த்'. மற்ற ஊர்க்காரர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: செங்கல்பட்டு 'சிங்கில்புட்', திருநெல்வேலி 'டின்னெவெல்லி', திருச்சி 'டிரிச்சினோபொலி', ராமநாதபுரம் 'ராம்நாட்'.

பெயர் எழுத்துக்கும் இதே கதிதான். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி என்ற ஒரே பெயர், பின்பாதி சாமி அல்லது சுவாமி, கடைசி எழுத்து ஐ அல்லது ஒய், முதலில் வரும் மு-வுக்கு ஒற்றை யு அல்லது இரட்டை ஓ என்று ஆங்கிலத்தில் அரை டஜன் விதமாக வரும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் தானே விழுந்து உடன் இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியம் மதராஸ் சாப்பர். ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். அவ்வளவு பெரிய விருது பெற்றவரின் பெயரே ஆங்கிலத்தில் சில இடங்களில் 'எம்'மிலும் சில இடங்களில் 'என்'னிலும் முடிகிறது. சாதாரண சாப்பருக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படையின் பெயரும் அப்படித்தான். தேடும்போது 'குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்றும் 'இந்தியன் இன்ஜினியர்ஸ்' என்றும் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

இறந்த தேதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காணாமல் போனவர்களுக்குப் போடப்பட்ட தேதி பல நேரங்களில் கடைசியாகப் பார்த்த நாளோ, இறந்ததாக அரசு வைத்துக்கொண்ட நாளோதான். அதே ஆள் என்று உறுதியானாலும் பாட்டியிடம் "இந்த நாளில் இறந்தார்" என்று சொல்வதற்குப் பதில் "அரசாங்கப் பதிவில் இந்த நாள் இருக்கிறது" என்று சொல்லுங்கள். திதியை மாற்றுவதா, ஆடி அமாவாசையிலேயே தொடர்வதா என்பது உங்கள் குடும்பம் பேசி முடிவு செய்ய வேண்டியது.

இப்போது போட்டோ. தோள்பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பித்தளையில் ஆங்கில எழுத்துகள் வளைவாக இருக்கும், அதுதான் படையின் பெயர். தலையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். உருளை மாதிரி நேராக உயர்ந்து நிற்கும் 'டூப்டா' இருந்தால் மதராஸ் சாப்பர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்காது. சாதாரண தொப்பியாக இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போட்டோவின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, முழு சர்வீஸ் ரெக்கார்டு. இது ஏமாற்றமான பதில்தான், ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பணம் மிஞ்சும். இந்தியப் படையில் சிப்பாய், சாப்பர், நாயக், ஹவில்தார் நிலையில் இருந்தவர்களின் தனிக் கோப்புகள் ஆன்லைனில் இல்லை. ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகள் முழுவதையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்துக் கட்டணத் தளங்களில் சந்தா கட்டுகிறவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தத் தளங்களில் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவத்தாரின் கோப்புகள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இந்தியப் படை அதிகாரிகளின் கோப்புகள் உண்டு, சாப்பருக்கு அங்கே வேலை இல்லை. 2021-இல் லாகூர் அருங்காட்சியகப் பதிவேடுகளிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் விவரம் ஆன்லைனில் வந்தது என்று செய்தி படித்திருப்பீர்கள். அது முதல் உலகப் போர், அதிலும் பஞ்சாப் மட்டும். மதராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒன்று வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாக இருப்பேன்.

நம் ஆட்களின் காகிதங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில்தான் இருந்தன. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் படை இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதன் ரெக்கார்டு ஆபீஸ் பெங்களூரிலேயே இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் என்றால் நீலகிரியில் வெலிங்டனுக்கு எழுத வேண்டும். சிக்கல் என்னவென்றால், பென்ஷன் இல்லாமல் போனவர்களின் கட்டுகளை 25 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது ராணுவ விதி. ஆனால் 'லாங் ரோல்' என்று ஒரு பதிவேடு உண்டு. அதை அழிப்பதில்லை. ஓர் ஆளுக்கு ஒரு வரி மாதிரிதான், எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய அல்லது இறந்த நாள் போன்ற குறிப்புகள். அந்த ஒரு வரி உங்களுக்குப் போதும்.

கடிதத்தில் "என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் "பதிவு இல்லை" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எண், பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய நாலைந்து விதம், அப்பா பெயர், ஊர், தாலுகா, பழைய மாவட்டம், சேர்ந்த ஆண்டு தோராயமாக, இவற்றைக் கொடுத்து, "லாங் ரோலில் இவருக்கு எதிரே உள்ள பதிவின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். பாட்டியின் கையெழுத்தில் அனுப்புங்கள், மகள் என்ற உறவுக்கு உங்களைவிட எடை அதிகம். உறவைக் காட்டும் சான்று நகலும் வையுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து அதே கேள்வியைக் கேட்கலாம். கிழிந்த பென்ஷன் காகிதத்தையும் இப்போதே நன்றாக ஸ்கேன் செய்யுங்கள், ஒட்டுவதற்கு செல்லோடேப் பயன்படுத்த வேண்டாம். அதில் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எண் என்று ஏதாவது தெரிந்தால் அந்த எண்ணும் கடிதத்தில் போக வேண்டும். கொள்ளுப்பாட்டி பென்ஷன் வாங்கினார் என்பதே, அவர் இறந்ததை அரசு ஒப்புக்கொண்டு எங்கோ ஒரு கோப்பு திறந்தது என்பதற்குச் சாட்சி. வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். சில நேரம் அங்கே இருக்கும் வயதான ஊழியருக்கு நம் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே விஷயம் தெரிந்திருக்கும்.

நட்சத்திரம் சிங்கப்பூர்ப் பக்கம் காட்டினால் மட்டும் இன்னொரு கதவு திறக்கும். அங்கே பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராத பலரை ஜப்பானியர் நியூகினியா, ரபவுல் வரை கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயும் நம் ஆட்களின் கல்லறைகள் இருக்கின்றன. டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் இந்திய தேசிய ராணுவம் பற்றிய கோப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். பர்மா ஸ்டார் என்றால் இந்த வேலை வேண்டாம்.

இன்னொன்று. ஆணையத்தின் பட்டியலில் பெயர் கிடைக்கவே இல்லை என்றாலும் அவர் இறக்கவில்லை என்றோ, படையில் இல்லை என்றோ எண்ணிவிடாதீர்கள். முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவு செய்யப்படவில்லை, எண்ணிக்கை மூன்றரை லட்சம் வரை போகலாம் என்று 2021-இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது, இன்றும் குறையவில்லை. உங்கள் ஆள் இரண்டாம் போர்க்காரர், அப்போது பதிவு மேம்பட்டிருந்தது. இருந்தாலும் எழுத்துப் பிழையில் ஒளிந்துகொண்ட பெயர்கள் ஏராளம்.

பாட்டியிடம் தேதியைச் சொல்ல வேண்டாம் என்றேன், கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்தி தந்தியாகவோ கடிதமாகவோ வந்த நாளைப் பற்றி அவருடைய அம்மா என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். ஆங்கிலத் தேதி நினைவிருக்காது. நெல் அறுத்துக்கொண்டிருந்தார்களா, பொங்கலுக்கு முன்பா பின்பா, பாட்டிக்கு அப்போது நடக்கத் தெரியுமா, கூட யாருக்குத் தந்தி வந்தது என்று கேட்டால் மாதம் பிடிபடும். இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது பதிவிலுள்ள தேதிக்கு முன் என்றால் அந்த ஆள் அநேகமாக உங்களவர் இல்லை. காணாமல் போனார் என்ற செய்தி மட்டும் என்றால் அப்படி முடிவு செய்ய முடியாது, பதிவுத் தேதி அரசு பிறகு வைத்துக்கொண்ட நாளாக இருக்கலாம். அவர் பேசுவதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்று இரவு நட்சத்திரத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தாலும் சரி, போட்டோக்களை எனக்கு அனுப்புங்கள். பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.